கெட்டிமேளம் கேட்டபோது

கடந்த ஆவணியில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம், கும்பகோணம் பக்கம் ஒரு பழைய சிவன் கோயிலில். கெட்டிமேளம் கேட்ட நேரத்தில் நான் கருவறையின் தெற்குச் சுவர் ஓரம் குந்தி உட்கார்ந்து, மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக் கல்வெட்டு படித்துக்கொண்டிருந்தேன். ஓடிப் போவதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டது. "அட்சதை போடக்கூட உன்னால வந்து நிக்க முடியலையாப்பா?" என்று சித்தி கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

கல்வெட்டு படிக்கத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. சோழர் காலத்துக் கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது, எகரமும் ஏகாரமும் ஒரே மாதிரி இருக்கும், சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, நடுவில் கிரந்த எழுத்து வேறு வந்து நிற்கும். கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் மங்கலச் சொல்லான ஸ்வஸ்தி ஸ்ரீ யார் கண்ணுக்கும் சீக்கிரம் பழகிவிடும். அப்புறம்தான் கஷ்டம், ஆரம்பத்தில் ஒரு வரிக்கே ஒரு மணி நேரம் ஆனது. கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் 1960களில் தமிழ்-பிராமி என்ற மிகப் பழைய எழுத்தில் உள்ள கல்வெட்டுகளில் இறங்கினார், அவற்றைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 2003இல்தான் வந்தது. நான் அவர் பக்கத்தில் நிற்கக்கூடியவன் இல்லை, ஆனால் இந்த வேலை ஆளிடம் எவ்வளவு காலம் கேட்கும் என்பது எனக்கு இப்போது புரிகிறது.

அந்தக் காலத்தை நான் எடுத்தது நண்பர்களிடமிருந்து. கல்லூரிக் கூட்டம் ஞாயிறுதோறும் கிரிக்கெட்டுக்குக் கூப்பிட்டது, நான் வரவில்லை என்றேன், பிறகு ஏற்காடு போனதை போட்டோவில்தான் பார்த்தேன். "அவன் அறிவாளி, நம்ம பேச்செல்லாம் அவனுக்குப் பிடிக்காது" என்று ஒருவன் சொன்னானாம். அது உண்மையே இல்லை, அவர்கள் பேச்சு எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் பிடித்தால் மட்டும் போதுமா, போய் உட்கார வேண்டும். குரூப்பை மியூட்டில் வைத்திருந்ததால் நெருங்கிய நண்பனின் அப்பா இறந்தது எனக்குப் பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகுதான் தெரிந்தது. அதற்கு எந்தச் சுவரையும் நான் காரணம் காட்ட முடியாது. போனில் அவன் ஒன்றும் கோபப்படவில்லை, "சரிடா, வேலையா இருந்திருப்ப" என்றான், அதைக் கேட்கத்தான் முடியவில்லை.

இருந்தும் படிப்பதை விட மாட்டேன். அன்று அந்தச் சுவரில் இருந்தது ஒரு நந்தா விளக்குக்கான, அதாவது அணையாமல் எரியும் விளக்குக்கான கொடை, அதற்கு விட்ட ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதியிருந்தார்கள். ஆடு செத்தாலும் கிழமானாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நெய் நிற்காமல் வர வேண்டும், விளக்கு அணையக் கூடாது. அந்த இரண்டு சொல்லையும் விரலால் தடவிப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலத் திரும்பினால், எல்லோரும் மணமேடைப் பக்கம் இருந்தார்கள்.

சித்தியிடம் இதை இன்னும் சொல்லவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அவரையும் தங்கச்சியையும் அந்தச் சுவருக்குக் கூட்டிப்போக வேண்டும். அதற்கு முன்னால், இந்த ஞாயிறு, அந்த நண்பன் வீட்டுக்கு.