பிந்தானில் முதல் பிறந்தநாள்: கேக் வெட்டியது விடியற்காலை 5.30 மணிக்கு

ஜனவரி மாதத்தில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து இந்தோனீசியத் தீவான பிந்தானுக்குப் படகேறாதீர்கள். பயண வழி, தங்குமிடம், செலவு என்று வரிசையாக எழுதும் எண்ணத்தில்தான் உட்கார்ந்தேன். ஆனால் மகன் என் தோளில் எடுத்த வாந்தியின் வாடை, சட்டையை இருமுறை துவைத்த பின்னும் போனபாடில்லை என்பதால் இதை முதலில் சொல்லியாக வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரின் தானா மேரா படகு முனையத்திலிருந்து பிந்தானின் லகோய் துறைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம்தான். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று அந்தக் கடலைக் கலக்கிக்கொண்டிருக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் மகனின் முதல் பிறந்தநாளை அந்தத் தேதியிலேயே, கடற்கரையிலேயே கொண்டாட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான்தான். ஏப்ரலுக்குத் தள்ளியிருந்தால் ஒரு வயதுக்காரன் கோபித்துக்கொண்டிருக்கப் போவதில்லை.

நுழைவுச் சடங்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு இந்தோனீசியாவில் குறுகிய காலம் தங்க விசா வேண்டாம். ஆனால் குழந்தைக்கும் தனிக் கடப்பிதழ் வேண்டும், அது குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். ஊரிலிருந்து பேரனைப் பார்க்க வந்திருந்த என் அம்மாவிடம் இருந்தது இந்தியக் கடப்பிதழ் என்பதால், இறங்கிய இடத்திலேயே 5 லட்சம் ரூப்பியா கட்டி விசா எடுத்தோம். ஏறத்தாழ 40 சிங்கப்பூர் வெள்ளி, அதாவது டாலர். இந்தியாவிலிருந்து பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள், சிங்கப்பூருக்கு மீண்டும் நுழைய அவர்களுடைய விசா இடம் தருகிறதா என்பதைக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். அதைப் படகில் நினைத்துக்கொண்டு, கைப்பையைக் கவிழ்த்துத் தேடிய என் மனைவியின் முகம் இன்னும் மறக்கவில்லை.

தங்குவிடுதியில் ‘பிறந்தநாள் அலங்காரம்’ என்று 120 வெள்ளி வாங்கினார்கள். வீண் செலவு. கட்டிலைச் சுற்றிக் கட்டியிருந்த பலூன்களில் ஒன்று வெடித்ததும் மகன் வீரிட்டு அழுதான். மற்றவற்றை நாங்களே குளியலறையில் அடைத்துவைத்தோம். அதே பணத்தில் நான்கு பேர் இரண்டு வேளை மீன் சாப்பிட்டிருக்கலாம்.

மீன் என்றதும் திரிக்கோராதான் நினைவுக்கு வருகிறது. லகோய் முழுவதும் விடுதிகளுக்காகவே திருத்தி அமைத்த பகுதி. அழகாக இருக்கிறது, விலையும் சிங்கப்பூர் விலைதான். தீவின் கிழக்குக் கரையிலுள்ள திரிக்கோராவுக்குப் போன பிறகுதான் வேறு நாட்டுக்கு வந்திருக்கிறோம் என்ற எண்ணமே வந்தது. பெரிய பெரிய கருங்கல் பாறைகள், தென்னைகள், கடலுக்குள் கம்பு நட்டுக் கட்டிய கேலோங் என்ற மீன்பிடிக் குடில்கள். தணலில் சுட்ட மீன் ஒன்றையும், கொங்கொங் என்ற கடல் நத்தையையும் வாங்கினோம். நத்தையின் சதையைப் பல்குச்சியால் சுழற்றி இழுத்து, மிளகாய்ச் சாறில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். நான் மட்டும் ஒரு தட்டை முடித்தேன். சைவம் தவிர வேறெதையும் தொடாத அம்மாவுக்கு, சோயாவைப் புளிக்கவைத்துப் பொரித்த தெம்பே பிடித்துப்போய் இரண்டாவது தட்டு கேட்டார். மகனுக்குக் கிடைத்தது பூபூர், அதாவது நம் அரிசிக் கஞ்சியேதான். கடைக்காரப் பெண்மணி அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அப்போது கடல் வற்றியிருந்தது. மணலில் தேங்கிய, கணுக்கால் அளவு நீரில் மகனை உட்காரவைத்தோம். முக்கால் மணி நேரம் அவன் எழவேயில்லை. முந்தைய வாரம்தான் கோயிலில் முடியிறக்கியிருந்ததால் தலை வெயிலில் சுடுமே என்று அம்மா தொப்பியை மாட்டிக்கொண்டே இருந்தார். அவன் அதைக் கழற்றி நீர் மொண்டுகொண்டே இருந்தான். காசு கொடுத்து ஏற்பாடு செய்த எதுவும் இந்தக் குட்டைக்கு ஈடாகவில்லை.

திரும்பி வந்ததும், திரிக்கோராவுக்கு அழைத்துப்போன வாடகை வண்டி ஓட்டுநருடன் விவகாரம். போய்வர 7 லட்சம் ரூப்பியா என்று வாய்ப்பேச்சாகப் பேசியிருந்தோம். விடுதி வாசலில் இறங்கிய பிறகு, அது போவதற்கு மட்டும் என்றும், திரும்பியதற்கும் காத்திருந்ததற்கும் இன்னும் 5 லட்சம் வேண்டும் என்றும் சொன்னார். ஒரு வெள்ளிக்கு 12,000 ரூப்பியாவுக்கு மேல் கிடைக்கும் நாட்டில், வரிசையாக நிற்கும் பூச்சியங்களை மனத்துக்குள் வகுத்து முடிப்பதற்குள் பாதி வாதம் தோற்றுப்போகிறது. மீதிப் பாதியைத் தோளில் உறங்கிய மகன் தோற்கடித்தான். தூங்கும் குழந்தையைச் சுமந்துகொண்டு யாராலும் குரலை உயர்த்த முடியாது, அது அவருக்கும் தெரிந்திருந்தது. கொடுத்துத் தொலைத்தேன். நீங்கள் போனால் தொகையைக் கைப்பேசியில் எழுதி, பக்கத்தில் ‘பூலாங் பெர்கி’ என்று சேர்த்து, ஏறும் முன் காட்டிவிடுங்கள். போய்வர என்று பொருள்.

கேக்கை மாலை 7 மணிக்கு வெட்டுவதாக ஏற்பாடு. பிந்தான் நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்தங்கியது. கடிகாரங்களைத் திருத்திக்கொண்ட எங்களுக்கு அது 7, மகனுக்கு 8. அவன் உறங்கும் நேரம். எழுப்பினோம், அழுதான், படுக்கவைத்தோம். கேக் குளிர்பெட்டிக்குப் போனது. மறுநாள் 5 மணிக்கே, வீட்டில் வழக்கமாக விழிக்கும் 6 மணி அது, முழுத் தெம்போடு எழுந்து கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வேறு வழியில்லாமல், வெளியே இருட்டு விலகாதபோதே, 5.30 மணிக்கு மாடத்தில் மெழுகுவத்தி ஏற்றினோம். காற்று அதை மூன்று முறை அணைத்தது. அம்மா தூக்கக் கலக்கத்தில் தாளம் தவறிப் பாடினார். மனைவி படமெடுக்க மறந்துவிட்டாள். மகன் இரு கைகளையும் கேக்குக்குள் விட்டு, ஒரு பிடியை என் வாயில் திணித்தான். அந்தச் சட்டையிலும் கறை படிந்தது.