அந்த 14 நாள்

ஜனவரி 6, 2025

ராத்திரி மறுபடியும் மூணு தலகாணி. படுத்தா மூச்சு முட்டுதுன்னு அப்பா உக்காந்தபடியே தூங்கினார்.

ஜனவரி 9

அப்பா இருந்த பட்டாளத்தோட ரெக்கார்ட்ஸ் ஆபீஸ்ல இருந்து கவர் வந்துடுச்சு. ஊனப் பென்ஷன் ஏன் இல்லைன்னு தெரிஞ்சுக்கத் தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டது. ரிலீஸ் மெடிக்கல் போர்டு, அதாவது வெளிய வர்றப்ப டாக்டர்கள் கூடிப் பார்த்த பேப்பர் மொத்தமும் ஜெராக்ஸ். அப்பா கவரைத் தொடவே இல்லை. அவர் பார்த்துக்கிற பெரிய வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்துக்கிட்டு விளக்குப் போடக் கிளம்பிட்டார். நான் வாசப்படியிலேயே உக்காந்து படிச்சேன்.

1994ல் சேரும்போது எடுத்த பரிசோதனையில இருதயம் நல்லா இருக்குன்னு இருக்கு. கடைசிப் பக்கத்துல கட்டம் கட்டமா கேள்வி. நோய் சர்வீஸால் வந்ததா? இல்லை. சர்வீஸால் கூடியதா? இல்லை. ஊனம் எவ்வளவு? 30 சதவீதம், ஆயுள் முழுக்க. காரணம் எழுத விட்டிருந்த இடத்துல ஒரே வரி: பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது. எல்லையில இல்லாத, அமைதியான முகாம்னு அர்த்தம்.

காஷ்மீர் எல்லையில அவர் இருந்த குப்வாரா இல்லை. பனிமலை இல்லை. அதெல்லாம் யாரோ வேற ஆளுக்கு நடந்தது மாதிரி ஒரே வரி.

ஜனவரி 12

சுபேதார் மாமா வந்திருந்தார். அவர் பையன் கேஸை அவரே முன்ன நின்னு நடத்தினவர், கண்ணாடியை நெத்தியில ஏத்திவிட்டு ஒவ்வொரு பக்கமா விரல் வச்சுப் படிச்சார்.

"சேரும்போது இந்த நோய் இருந்ததா எங்கயாவது எழுதியிருக்கா? இல்லைல்ல. அப்ப பின்னால வந்தது சர்வீஸ்ல வந்ததுன்னுதான் எடுத்துக்கணும். 1982 விதி அதைத்தான் சொல்லுச்சு. உங்கப்பா வெளிய வந்தப்ப இருந்தது 2008 விதி, அதுல அந்த வாசகம் இல்லை, ஆனா நிரூபிக்கிற சுமை அதுலயும் பொதுவா கேக்கிறவர் மேல இல்லை. இல்லைன்னு சொல்றவன்தான் காரணம் காட்டணும், உங்கப்பா நிரூபிக்க வேண்டியதில்லை."

2013ல் தரம்வீர் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் இதையே அழுத்திச் சொல்லியிருக்கு. அவருக்கு இருதய நோய் இல்லை, வலிப்பு நோய். ஆனா அங்கேயும் இதே மாதிரி காரணமில்லாத "இல்லை"தான். சேர்ந்தப்ப ஏன் கண்டுபிடிக்க முடியலைன்னு போர்டு எழுதியே ஆகணும்னு தீர்ப்பு. 2023 செப்டம்பர்ல புது விதி வந்தாச்சேன்னு எனக்குப் பயம். அது அதுக்கப்புறம் வெளிய வந்தவங்களுக்குத்தான், உங்கப்பா 2012ல வந்தவர்னு மாமா சொன்னதும்தான் எனக்கு மூச்சே வந்தது.

போறப்ப ஒண்ணு சொன்னார். இருதய நோய்னா, அட்டாக் வர்றதுக்கு முந்தின 14 நாள் என்ன டூட்டி பார்த்தார்னு யூனிட்ல இருந்து எழுதி வாங்கணும், டாக்டர்களுக்கான வழிகாட்டிப் புத்தகத்துலயே இருக்காம். கவரை மறுபடி கொட்டிப் பார்த்தேன். அந்தத் தாள் இல்லை.

ஜனவரி 16

சிறாவயல் மஞ்சுவிரட்டு. தம்பி போயிட்டான். அப்பா போகலை. டிவியிலயும் பார்க்கலை. கூட்டத்தைப் பார்த்தாலே படபடன்னு வருதாம்.

ஜனவரி 21

இன்னைக்கு எப்படியாவது கேட்டுடணும்னு இருந்தேன். சாயங்காலம் அவரோட பெரிய வீட்டுக்குப் போனேன். முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டுன்னு ஒவ்வொரு பூட்டையும் ஒரு தடவை இழுத்துப் பார்த்துட்டுத்தான் நகர்வார். ஒவ்வொரு கட்டுலயும் தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். மேல்மாடிப் பூட்டுக்கு நான் ஏறினேன். சென்னையில இருக்கிற ஆச்சி போன் பண்றப்பல்லாம் "நீங்க மாடி ஏறாதீங்க, வாரத்துக்கு ஒருக்காப் பார்த்தாப் போதும்"னுதான் சொல்றாங்க. இவர் கேக்கிறதில்லை.

"அப்பா, அந்த அட்டாக்குக்கு முந்தின ரெண்டு வாரம் என்ன பண்ணுனீங்க?"

"அதெல்லாம் எதுக்குத் தாயி."

"எதுக்குன்னா, அதை வச்சுத்தான் எல்லாமே."

வளவுல படியில உக்காந்து ரொம்ப நேரம் யோசிச்சார். சமையல்காரன் பேர் ஞாபகம் இருக்கு. லைனுக்குள்ள வந்து படுக்கிற ஒரு செவலை நாய் ஞாபகம் இருக்கு. அந்த வாரம் இன்ஸ்பெக்‌ஷன் வரப்போகுதுன்னு விடியறதுக்கு முந்தியே எழுப்பிவிட்டாங்க. ராத்திரி குவார்ட்டர் கார்டு, முகாம் வாசல்ல காவல். காலையில பிபிஇடி, பட்டாளத்து உடல்தகுதிச் சோதனை, முழு மூட்டையோட அஞ்சு கிலோமீட்டர் ஓட்டம். 'நாப்பது ஆகப்போற ஆளு, டயத்துக்குள்ள வரலைன்னா பசங்க முன்னாடி அசிங்கம்னு ஓடினேன்'னார். ஓடி முடிச்சதும் இடது தோள் வலிச்சிருக்கு. சுளுக்குன்னு நெனச்சு தைலம் தேச்சிருக்கார். அன்னைக்கு ராத்திரியும் கார்டு டூட்டி பார்த்திருக்கார். மறுநாள் விழுந்திருக்கார்.

இது எந்தப் பேப்பர்லயும் இல்லை. அம்மாகிட்ட கூடச் சொன்னதில்லை. அம்மா பலகாரக் கணக்கு எழுதுற நோட்டோட பின்பக்கத்துல அவர் கையாலேயே எழுதச் சொன்னேன். திங்கள், கார்டு. செவ்வாய், கார்டு, ரிகர்சல். புதன் வரைக்கும் எழுதிட்டு பேனாவை மூடிட்டார்.

ஜனவரி 22

சுளுக்குன்னு நெனச்சாராம்.

ஜனவரி 30

எக்கோ எடுத்தாச்சு. இ.எஃப்., அதாவது இருதயம் ஒவ்வொரு துடிப்புலயும் ரத்தத்தை வெளிய தள்ளுற சதவீதம், 35. போன தடவை 45 இருந்தது. டாக்டர் நீர்மாத்திரையைக் கூட்டினார், உப்பைக் குறைக்கச் சொன்னார், தினமும் காலையில எடை பார்க்கச் சொன்னார். ரெண்டு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா உடனே வரணுமாம், அது சதை இல்லை, தண்ணி.

வீடு முழுக்க சீடை, தேன்குழல், மணகோலம். உப்பில்லாத சோத்தைத் தின்னுக்கிட்டு அதுக்கு நடுவுல உக்காந்திருக்கார். அம்மா ஆர்டரை நிறுத்திடவான்னு கேட்டுச்சு. "அவன் அவன் தொழிலைப் பாருங்க"ன்னு அப்பா கத்தினார். கத்தினதும் இளைச்சுது.

பிப்ரவரி 4

எடை 71.2.

பிப்ரவரி 5

71.4. பரவாயில்லை.

பிப்ரவரி 11

சென்னை வக்கீல்கிட்ட போன்ல பேசினேன். ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தோட சென்னைக் கிளையிலதான் போடணும். கடைசி உத்தரவு வந்து ஆறு மாசத்துக்குள்ள போட்டிருக்கணும். நமக்கு முதல் அப்பீலே 2013ல தள்ளுபடி. அதனால தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு வைக்கணும். பென்ஷன் மாசாமாசம் தொடர்ற இழப்புங்கிறதால அதுக்கு வழி இருக்கு. ஆனா ஜெயிச்சாலும் நிலுவை, மனு போட்ட நாளுக்கு முந்தின மூணு வருஷத்துக்குத்தான் கிடைக்கும்னு சொல்றார்.

30 சதவீதம் 50ஆ ஏறும். 2014 டிசம்பர் 10, ராம் அவதார் தீர்ப்பு: ஊனம் 50க்குக் கீழ இருந்தா 50, 50ல இருந்து 75 வரைக்கும் 75, 76ல இருந்து 100. உடம்பு சரியில்லைன்னு பாதியிலேயே வெளிய அனுப்பினவங்களுக்கு மட்டும்தான்னு இருந்ததை, சர்வீஸ் முடிச்சு வந்தவங்களுக்கும் உண்டுன்னு ஆக்கின தீர்ப்பு. குறைஞ்சது 20 சதவீதம் இருக்கணும், நமக்கு அது இருக்கு. சர்வீஸோட சம்பந்தம்னு ஒத்துக்கிறதுதான் பாக்கி. எல்லாம் அந்த ஒத்த வரியில நிக்குது.

அப்பாவுக்கு இதுல விருப்பமே இல்லை. "பென்ஷன் வருது, வாங்கித் திங்கிறோம். இன்னும் போய்க் கை ஏந்தச் சொல்றியா?"

கை ஏந்துறது இல்லப்பா. நல்ல இருதயத்தோட போனீங்க. கெட்டுப்போய்த் திருப்பி அனுப்பினாங்க. எங்களால இல்லைன்னு எழுதியும் கொடுத்தாங்க. அந்த எழுத்தை மாத்தணும். பணமும் வேணும், அதை எதுக்கு மறைக்கணும்? மாத்திரை ஈசிஹெச்எஸ்ல, முன்னாள் பட்டாளத்துக்காரங்களுக்கான மருத்துவத் திட்டத்துல, கிடைச்சாலும் சாப்பாடு, வண்டிச் செலவு, தம்பி ஃபீஸ் எல்லாம் இருக்கு. ஆனா நாளைக்கு அந்தப் பணமே வராதுன்னாலும் நான் இதைப் போடுவேன். இதை அவர்கிட்டச் சொல்லலை. இங்கதான் எழுதுறேன்.

பிப்ரவரி 19

ரெக்கார்ட்ஸ் பதில். அந்தக் காலத்து யூனிட் டூட்டி பேப்பர் வச்சிருக்கிற காலக்கெடு முடிஞ்சு அழிச்சாச்சு.

பிப்ரவரி 20

அழிச்சது அவங்க. அப்ப யார் பக்கம் சந்தேகம் போகணும்? சந்தேகத்தோட பலன் சிப்பாய்க்குத்தான்னு தரம்வீர் சிங் தீர்ப்புலேயே இருக்கு. வக்கீலுக்கு இதையே மெசேஜ் போட்டேன். அதுதான் நம்ம பாயின்ட், அந்தப் பதில் கடிதத்தைப் பத்திரமா வைங்கன்னு போட்டார். பிளாஸ்டிக் கவர்ல போட்டு அம்மாவோட பீரோவுல வச்சாச்சு.

மார்ச் 3

தூக்கம் வராம போன்ல தேடிக்கிட்டே இருந்தேன். மனுதாரர் நடுவுல இறந்துட்டா வாரிசு அந்த இடத்துல வந்து நடத்தலாம்னு இருந்தது. போனை அணைச்சுட்டேன்.

எழுந்து போய் மூச்சு கேக்குதான்னு நின்னேன். "தூங்கு தாயி"ங்கிறார் இருட்டுல.

மார்ச் 14

முத்துமாரியம்மன் கோயிலுக்கு அம்மா பால்குடம் நேர்ந்திருக்கு. வெயில்ல நடக்கணும். நானும் போறேன்.

மார்ச் 15

73.1. கால்ல விரல் வச்சா குழி விழுது. ஆஸ்பத்திரி.

மார்ச் 18

ஊசி போட்டுத் தண்ணி இறக்கினாங்க. 70.6. நிம்மதியாப் படுத்தார், ஒரே தலகாணி. பக்கத்து பெட்ல இருந்தவரும் பழைய பட்டாளத்துக்காரர், கண்டனூர்ப் பக்கம். அவருக்கும் ஸ்டென்ட், அவருக்கும் பீஸ் ஸ்டேஷன். ரெண்டு பேரும் இந்தியில பேசிச் சிரிச்சாங்க. அப்பா அப்படிச் சிரிச்சுப் பார்த்து எவ்வளவு நாளாச்சு.

சாயங்காலம் அவரா கேட்டார்: "அந்த நோட்டு எங்க?"

மார்ச் 19

வியாழன்: பிபிஇடி. தோள்வலி. ராத்திரி கார்டு.

வெள்ளி: விழுந்தேன். மத்தது தெரியலை.

எல்லாத்தையும் எழுதிட்டார். தெரியாத நாளுக்குத் தெரியலைன்னே எழுதினார். அந்த நேர்மையே அவர் பக்கம் பேசும்னு வக்கீல் சொல்றார். கூடவே ஒரு பிரமாணப் பத்திரம் வேணுமாம். கூட கார்டு பார்த்த இன்னொருத்தர் இருக்கார்னு அப்பாவுக்கு இன்னைக்குத்தான் ஞாபகம் வந்தது, திருநெல்வேலிக்காரர். நம்பர் தேடணும்.

மார்ச் 27

நம்பர் கிடைச்சது. அவர் பொண்ணு எடுத்துச்சு. அப்பா ஸ்பீக்கர்ல போட்டு "டேய்"ன்னார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அவரும் அழுதார். எழுதித் தர்றேன்னுட்டார்.

ஏப்ரல் 11

பங்குனி உத்திரம். குன்றக்குடிக்கு அம்மா மட்டும்.

ஏப்ரல் 16

மனு போட்டாச்சு. தாமத மனுவும் சேர்த்து. நம்பர் ஆகி நோட்டீஸ் போகணும். அரசாங்கத் தரப்பு பதில் மனுவுக்கு நேரம் கேக்கும், கொடுப்பாங்க. ஜெயிச்சாலும் அவங்க ஹைகோர்ட்டுக்குப் போகலாம்னு வக்கீல் முன்கூட்டியே சொல்லி வச்சார்.

அப்பா நேர்ல வரணும்னு அவசியம் இல்லையாம். ஆனா அப்பா வர்றேங்கிறார். பல்லவன்ல விடியக்காலையே ஏறணும், எழும்பூர் வரைக்கும் உக்காந்தே போகணும். டாக்டர்கிட்ட கேக்காம டிக்கெட் போடமாட்டேன்னேன். "நீ போடு, நான் உக்காந்துதானே தூங்குறேன்"ங்கிறார்.

ஏப்ரல் 17

71.9. நாளைக்கு டாக்டர்கிட்ட டிக்கெட்டையும் கேக்கணும்.