காலி இருக்கைகளின் கணக்கு

கால்பந்துக் கிளப்பின் உரிமையாளருக்கு எதிராகக் கிளம்பும் ரசிகர் சங்கம், பேனருக்குத் துணி எடுப்பதற்கு முன் கிளப்பின் கணக்கை எடுத்துப் படிக்க வேண்டும். இங்கிலாந்தில் தனியார் கம்பெனிகள் நிதியாண்டு முடிந்து 9 மாதத்துக்குள் கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். அதை யாரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மொத்த வருமானத்தில் டிக்கெட் பணம் எவ்வளவு, உரிமையாளரின் மற்றக் கம்பெனிகளுக்கு எவ்வளவு போயிருக்கிறது என்ற இரண்டு விவரமும் கிடைத்தால் எப்படிப் போராடுவது என்பது பாதி முடிவாகிவிடும்.

இங்கிலாந்தின் முதல்நிலை லீகான பிரீமியர் லீகின் பெரிய கிளப்புகளை டிவி பணமும் விளம்பரப் பணமும் தாங்குகின்றன. ஒருவர் சீசன் டிக்கெட்டை விட்டால், காத்திருக்கும் இன்னொருவர் வாங்கிக்கொள்வார். உரிமையாளரான கிளேசர் குடும்பத்தை எதிர்த்து மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் 2021 மே 2 அன்று ஓல்ட் டிராஃபோர்டுக்குள் புகுந்ததில் லிவர்பூலுடனான ஆட்டமே தள்ளிப்போனது. உலகம் முழுக்கச் செய்தி ஆனது, உரிமையாளர் மாறவில்லை. கோரிக்கை சிறியதாகவும் தெளிவாகவும் இருந்தால் நிலைமை வேறு. 77 பவுண்டு டிக்கெட்டை எதிர்த்து 2016 பிப்ரவரி 6 அன்று லிவர்பூல் ரசிகர்கள் 77ஆவது நிமிடத்தில் எழுந்து வெளியேறினார்கள். சில நாட்களிலேயே அந்த விலை கைவிடப்பட்டது.

கீழ் டிவிஷன்களில் டிக்கெட் பணத்துக்கு எடை அதிகம். அங்கே புறக்கணிப்பு எடுபடும், ஆனால் ஆண்டுக்கணக்கில் பிடித்து நிற்க வேண்டும். பிளாக்பூல்தான் இதற்குப் பாடம். அந்தக் கிளப் 2010–11இல் ஒரே ஒரு சீசன் பிரீமியர் லீகில் ஆடியது. அந்தச் சீசனில் 1.1 கோடி பவுண்டு உரிமையாளரின் கம்பெனிக்குப் போனது. உரிமையாளரான ஓய்ஸ்டன் குடும்பத்துக்கு எதிராக ரசிகர்கள் வகுத்த விதி, ஒரு பென்னிகூடக் கொடுப்பதில்லை என்பது. டிக்கெட், ஜெர்சி, மைதானத்தில் விற்கும் தின்பண்டம், டீ எதுவும் வாங்கக் கூடாது. வெளியூர் ஆட்டத்துக்குப் போகலாமா என்ற கேள்வி எழாமல் இருக்காது. லீக் ஆட்டத்தில் வசூல் சொந்த மைதானக் கிளப்புக்கே போவதால், அங்கே போய்க் குரல் கொடுப்பதில் முரண்பாடு இல்லை. லீகுக்கு வெளியே நடக்கும் நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையில் வசூல் இரண்டு கிளப்புக்கும் பிரிகிறது. அங்கே அதே பதில் பொருந்தாது. இந்த வேறுபாட்டை ஆரம்பத்திலேயே எழுதிக் கொடுக்காவிட்டால் சங்கத்துக்குள்ளேயே சண்டை வரும்.

கிளப் அறிவிக்கும் வருகை எண்ணிக்கையை அப்படியே நம்பக் கூடாது. சீசன் டிக்கெட் வாங்கிவிட்டு வராதவர்களையும் அதில் சேர்ப்பது வழக்கம். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரே கோணத்தில் கேலரிகளைப் படம் எடுத்து வைத்தால் பத்திரிகைக்காரர்களிடம் காட்டச் சான்று இருக்கும்.

சிக்கல் பெரும்பாலும் இரண்டு இடங்களில் வரும். ஒன்று, மைதானத்துக்குள் இறங்குவது. 2015 மே 2 அன்று ஹடர்ஸ்ஃபீல்டுடனான பிளாக்பூலின் ஆட்டம் அப்படித்தான் பாதியில் நின்றது. 1991 கால்பந்துக் குற்றங்கள் சட்டப்படி அது குற்றம். ஆட்டம் பார்க்கவே வருடக்கணக்கில் தடை விழலாம். தடை பெற்றவர் அடுத்த போராட்டத்துக்கு வர முடியாது, நல்ல ஆட்களை இழப்பது இப்படித்தான். இன்னொன்று எழுத்து. பிளாக்பூலில் ரசிகர்கள் மீதே அவதூறு வழக்குகள் பாய்ந்தன. “திருடன்” என்று எழுதுவதைவிட, கணக்கின் பக்க எண்ணையும் தொகையையும் போடுவது வலுவானது, பாதுகாப்பானதும்கூட. ஊர்வலம் என்றால் 6 முழு நாட்களுக்கு முன் போலீசுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பேனர் துணிக்குத் தீத்தடுப்புச் சான்று கேட்பார்கள். கையில் இல்லாவிட்டால் வாசலிலேயே பறிபோகும்.

புறக்கணிப்பு மட்டும் ஓய்ஸ்டன் குடும்பத்தை வெளியேற்றவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பங்குதாரர் வாலெரி பெலோகோன் தொடுத்த வழக்கில் 2017 நவம்பரில் 3.1 கோடி பவுண்டுக்கு மேல் கொடுக்கும்படி தீர்ப்பு வந்தது. அதன் தொடர்ச்சியாக 2019 பிப்ரவரியில் நீதிமன்றம் ரிசீவரை, அதாவது சொத்துகளைப் பொறுப்பில் எடுக்கும் அதிகாரியை, நியமித்தது. ஆனால் காலி கேலரிகள் இல்லாமல் இருந்திருந்தால், கிளப்பில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு இடம் இருந்திருக்கும்.

எந்த நிபந்தனை நிறைவேறினால் திரும்பி வருவோம் என்பதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும். பிளாக்பூலில் அது தெளிவாக இருந்தது, அந்தக் குடும்பம் போக வேண்டும். அதனால்தான் ரிசீவர் வந்த சில வாரங்களில், மார்ச் 9 அன்று சவுத்எண்டுடனான ஆட்டத்துக்கு 15,000க்கு மேற்பட்டவர்கள் திரும்பி வந்தார்கள்.