முதல் வேலைக்கான படிவத்தில் ‘அனுபவம்’ என்ற இடத்தில் நான் எழுதியது

சிங்கப்பூரில் இளைஞர்களுக்குக் கட்டாயமான தேசிய சேவையை ராணுவத்தில் முடித்து வேலை தேட ஆரம்பித்தபோது, பலதுறைத் தொழிற்கல்லூரியில் வாங்கிய தளவாடத் துறை டிப்ளோமா கையில் இருந்தது. படிக்கும்போது ஒரு கிடங்கில் ஆறு மாத வேலைப் பயிற்சி, ராணுவத்தில் கிடங்குப் பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்மேன் வேலை. அவ்வளவுதான். மைகரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்க வேலைத் தளத்தில் பார்த்த கிடங்கு வேலைகளில் பலவும் ‘குறைந்தது இரண்டு ஆண்டு அனுபவம்’ என்றன.

லிட்டில் இந்தியா என்கிற தேக்காவில் மளிகைக் கடை வைத்திருக்கும் மாமாவிடம் புலம்பினேன். சின்ன வயதிலிருந்தே சனி, ஞாயிறுகளில் அந்தக் கடையில் கூடமாட நிற்பவன் நான். சம்பளம் கிடையாது, சாப்பாடும் தீபாவளிக்குத் துணியும் உண்டு. மாமா சட்டென்று, “இதுக்குப் போயா கவலப்படுற? ரெண்டு வருஷம் ஸ்டாக் சூப்பர்வைசரா இருந்தான்னு கடை லெட்டர்ஹெட்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். யாரு வந்து பாக்கப் போறா?” என்றார். பிள்ளை கரையேற வேண்டுமே என்ற அக்கறைதான்.

ஆனால் பார்க்கத்தான் செய்கிறார்கள். முந்தைய வேலையைச் சொன்னால் சம்பளச் சீட்டும், முதலாளியும் தொழிலாளியும் மாதாமாதம் கட்டும் மத்திய சேமநிதியின் (சிபிஎஃப்) சந்தா விவரமும் கேட்கும் நிறுவனங்கள் இங்கே நிறைய. சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னிலக்க அடையாளக் கணக்கு வழியாக எடுக்கும் அந்த விவரத்தில் எந்த முதலாளி எந்த மாதத்துக்கு எவ்வளவு கட்டினார் என்பது வரிசையாக இருக்கும். மாதம் 50 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் சம்பளம் கொடுத்தாலே முதலாளி தன் பங்கு சேமநிதியைக் கட்டியாக வேண்டும். 2016 ஏப்ரலிலிருந்து விவரமான சம்பளச் சீட்டும் கட்டாயம். அப்படியிருக்க, மாமாவின் கடிதம் என்ன சொல்லும்? ‘இவனை இரண்டு ஆண்டு வேலைக்கு வைத்திருந்தேன், சேமநிதி கட்டவில்லை’ என்று அவரே எழுதிக் கொடுத்ததாக ஆகும். இதை விளக்கியதும் மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்ப வேணாம்பா” என்றார்.

மாட்டிக்கொள்வோம் என்பது மட்டும் என் காரணம் இல்லை. சூப்பர்வைசர் என்று நம்பி எடுத்து, முதல் வாரமே நாலு பேரை என் பொறுப்பில் விட்டால்? ஃபோர்க்லிஃப்ட் ஓடுகிற இடம் அது. எனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோலக் காட்டினால் அடிபடுவது வேறு யாராவதாக இருக்கும். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஊரிலிருந்து இங்கே வேலைக்கு முயல்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ‘மூணு வருஷ அனுபவம் போட்டுக்கலாம் தம்பி’ என்று சொல்லும் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். வேலை அனுமதி விண்ணப்பத்தில் பொய்த் தகவல் கொடுப்பது இங்கே குற்றம். 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஏஜெண்டு ஊரிலேயே இருப்பார். விசாரணையில் நிற்பது நீங்கள்தான்.

கடைசியில் படிவத்தில் உள்ளதை உள்ளபடியே எழுதினேன். வேலைப் பயிற்சிக்குத் தொடங்கிய மாதம், முடிந்த மாதம். தேசிய சேவைக்குச் சேவைச் சான்றிதழில் உள்ள அதே தேதிகள். கடைக்கு, ‘குடும்பக் கடை, வார இறுதி உதவி, சம்பளமின்றி’. கடைசியாக வாங்கிய சம்பளம் என்ற இடத்தில் ‘பொருந்தாது’. பதவிப் பெயருக்குப் பதில் செய்த வேலையையே எழுதினேன்: சரக்கு இறக்குதல், எண்ணுதல், காலாவதித் தேதி பார்த்து அடுக்குதல்.

பல இடங்களிலிருந்து பதிலே இல்லை. ஓர் இடத்தில் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டு, அனுபவம் போதாது என்று சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். அன்று மனம் விட்டுப்போனது உண்மை.

துவாஸ் தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கில் நடந்தது வேறு மாதிரி. கிடங்கு மேலாளர் அம்மையார் கடை பற்றிய வரியில் விரலை வைத்து, “சம்பளமில்லாத வேலையை எதற்குப் போட்டிருக்கிறாய்?” என்று கேட்டார். மசாலாப் பெட்டிகளைப் பற்றிச் சொன்னேன். பெட்டி வந்ததும் காலாவதி மாதத்தைப் பெரிய மார்க்கரில் நான்கு பக்கமும் எழுதுவேன். ஒரு பக்கம் மட்டும் எழுதினால், அடுக்குகிறவர் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுவார். பழைய பெட்டி பின்னாலேயே தங்கிவிடும். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எண்ணிக்கை கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வாய், யாரிடம் முதலில் சொல்வாய் என்று கேள்விகள் வந்தன. ராணுவக் கிடங்கில் பழகிய வழியைச் சொன்னேன்: முதலில் எண்ணாத இன்னொருவரை வைத்து மறுபடி எண்ணுவது, பிறகு பொருள் வெளியே கொடுத்ததற்கான சீட்டுகளைச் சரிபார்ப்பது, அதற்கு முன்னால் எதையும் திருத்தாமல் இருப்பது. கிடங்கு மென்பொருள் தெரியுமா என்றார். “பயிற்சியில் ஸ்கேனர் பிடித்திருக்கிறேன். கணினியில் பதிவுசெய்ய என்னை விடவில்லை” என்றேன். “அதை நாங்கள் சொல்லிக்கொடுப்போம்” என்றார்.

சம்பளம் புதியவர்களுக்கான சம்பளம்தான், மூன்று மாதத் தகுதிகாண் காலத்துடன். அனுபவத்தைக் கூட்டிச் சொல்லியிருந்தால் கொஞ்சம் அதிகம் கேட்டிருக்கலாம். பரவாயில்லை, ஒத்துக்கொண்டேன். கையெழுத்துக்கு முன் என் பழைய பயிற்சி மேற்பார்வையாளருக்குப் போன் செய்து மாதங்களையும் செய்த வேலையையும் விசாரித்திருக்கிறார்கள்.

இப்போது வேலைப் பயிற்சியில் இருக்கும் தம்பி தங்கைகள் ஒன்றைக் கவனியுங்கள். கல்லூரி அங்கீகரித்த பயிற்சிக்குச் சேமநிதி கட்டமாட்டார்கள், அதனால் சந்தா விவரத்தில் அந்த மாதங்கள் வராது. தேதிகளும் செய்த வேலையும் எழுதிய கடிதத்தைப் பயிற்சி முடிகிற அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு மேற்பார்வையாளர் வேறு நிறுவனத்துக்கு மாறிப்போனால் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.