லெந்து நாட்கள்

2025 மார்ச் 5, சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து தொடங்குகிறது

இடது கணுக்காலில் மாவுக்கட்டு. நேற்றுப் போட்டது, ஆறு வாரமாம். எண்ணிப் பார்த்தேன். ஈஸ்டருக்கு ஐந்து நாள் முன்னால் பிரித்துவிடுவார்கள். போதும்.

மார்ச் 9

லெந்தில் கோயில் ஆல்டர் பீடத்துக்குப் பூ கிடையாது, ஊதாத் துணி மட்டும்தான். அதனால் பூ வைக்கிற என் வேலை இன்னும் யார் கைக்கும் போகவில்லை. கோயில் மணி வீடுவரை கேட்கிறது. படுத்துக்கொண்டே ஆராதனை முறையைச் சொல்லி முடித்தேன்.

மார்ச் 14

மருமகள் வலது காலைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். விரல் இடுக்கையும் விடவில்லை. குதிகால் வெடிப்பைப் பார்த்து, "அத்தை, இவ்வளவு நாள் இதோடயா நடந்தீங்க?" என்றாள். பதில் சொல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்று காலைக் கழுவ வந்த இயேசுவிடம் சீடன் பேதுரு சொன்னதைப் பணிவு என்றுதான் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அது பணிவில்லை, கூச்சம். கூச்சம்கூட இல்லை, வீம்பு. எனக்குத் தெரியாதா.

மார்ச் 15

பூ குத்தி வைக்கிற பித்தளைத் தட்டு என் பீரோவில் இருக்கிறது. யாரும் கேட்கவில்லை.

மார்ச் 26

"மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்கிறார் பைபிளில் பவுல் அப்போஸ்தலன், அதுவும் காவலில் இருந்துகொண்டு. கற்றுக்கொண்டேன் என்றால் முன்னால் தெரியாது என்றுதானே அர்த்தம்? எத்தனை வருஷம் ஆனதென்று எழுதியிருக்கலாம். இரவு முழுக்கக் கட்டுக்குள்ளே அரிப்பு. குடைக் கம்பியை விட்டுச் சொறிந்தேன், மகன் சத்தம் போட்டான்.

ஏப்ரல் 3

மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாவை நினைத்துக்கொண்டேன். 1931-ல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்தவர். அப்புறம் 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் டோனாவூரில் அந்த அறைதான். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டிதான் அங்கே இருக்கிறது. கிட்டத்தட்ட இருபது வருஷம்! எனக்கு ஆறு வாரம். ஒப்பிடக்கூடாது. ஆனாலும் அவருடைய வேலையை வேறு யாரோ பார்த்திருப்பார்கள்தானே?

ஏப்ரல் 13, குருத்தோலை

பவனி எங்கள் தெரு வழியாக வந்தது. போதகரின் மனைவி ஐயரம்மா ஜன்னல் வழியாக ஓலை நீட்டினார். "ஈஸ்டருக்குப் பூ வைக்க ஒரு பிள்ளையிடம் சொல்லியிருக்கு, நீங்க கவலைப்படாம ரெஸ்ட் எடுங்க." ஓலையில் சிலுவை முடையப் பார்த்தேன், கை வரவில்லை.

ஏப்ரல் 15

எக்ஸ்ரே. எலும்பு இன்னும் கூடவில்லை. மேலும் மூன்று வாரம்.

ஏப்ரல் 18

பெரிய வெள்ளி, மூன்று மணிநேர மும்மணி ஆராதனை. போகவில்லை. ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஏப்ரல் 19

தட்டைப் புளி போட்டுத் தேய்த்து வைத்தாயிற்று, மருமகளிடம்கூடச் சொல்லவில்லை. பதினொரு மணிக்கு அந்தப் பிள்ளை வந்தாள். இருபது வயதுகூட இருக்காது. சம்பங்கி வாங்கிவிட்டாளாம், இருபது கட்டு. தட்டை எடுத்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, காம்பைச் சாய்வாக வெட்டணும், ராத்திரி வாளித் தண்ணீரில் நிற்கணும் என்றேன். "தெரியும் பாட்டி" என்றாள்.

பாட்டியாம்.