எம் ஸ்பைக் என்று எழுதும் முன் டியூப் மூடியைப் பாருங்கள்

ரத்தத்தின் புரதங்களை மின்சாரத்தால் ஆல்புமின், ஆல்ஃபா, பீட்டா, காமா எனப் பிரித்துக் காட்டும் சீரம் புரோட்டீன் எலக்ட்ரோஃபோரசிஸ் கிராஃபில் பீட்டாவுக்கும் காமாவுக்கும் நடுவே ஊசி மாதிரி ஒரு முகடு. மைலோமா (ஆன்டிபாடி சுரக்கும் செல்களின் புற்றுநோய்) சந்தேகத்தில் வந்த சாம்பிள் வேறு. 'எம் ஸ்பைக்', அதாவது ஒரே வகை ஆன்டிபாடி குவிந்த முகடு, என்று எழுதக் கை பரபரக்கும். முதலில் ரேக்கிலிருந்து டியூப்பை எடுத்து மூடியைப் பாருங்கள். ஊதா என்றால் உள்ளே இருப்பது உறைந்த ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் அல்ல, உறையாத ரத்தத்தின் பிளாஸ்மா. அந்த முகடு அநேகமாக ஃபைப்ரினோஜன், ரத்தம் உறையும்போது செலவாகிவிடும் புரதம்.

ரத்தம் உறைவதற்கான சிவப்பு மூடியிலும் இது நடக்கும். ரத்தம் உறைய அரை மணி நேரமாவது விட வேண்டும். உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் ஏறுகிற டயாலிசிஸ் நோயாளிக்கு அதுவும் போதாது. சந்தேகம் வந்தால் உறையவைக்கும் திராம்பின் கொஞ்சம் சேர்த்து, உறைந்ததும் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, மறுபடி ஓட்டுங்கள். ஃபைப்ரினோஜனாக இருந்தால் அந்த பேண்ட் (ஜெல்லில் முகடாகத் தெரிந்த புரதக் கோடு) காணாமல் போயிருக்கும்.

புரதங்கள் ஓடும் அகரோஸ் ஜெல்லில் பஃபர் கரைசலின் பி.எச். 8.6 அளவில் இருக்கும். அந்த நிலையில் சீரம் புரதங்கள் பெரும்பாலும் எதிர்மின்னூட்டத்தோடு இருப்பதால் நேர்மின்வாயை நோக்கி ஓடும், ஆல்புமின் முன்னே. ஜெல்லிலும் எதிர்மின்னூட்டம் உண்டு, ஆனால் அது நகர முடியாது. அதனால் பஃபர் நீர் எதிர்த்திசையில் ஓடும். மின்னூட்டம் குறைந்த காமா, அந்த ஓட்டத்தில் அடித்துக்கொண்டு சாம்பிள் வைத்த இடத்துக்கும் பின்னால் போய்விடும். 'காமா ஏன் பின்னோக்கிப் போகிறது' என்று ட்ரெய்னிகள் கேட்பதற்கு இதுதான் பதில்.

கை வேலையாகச் செய்யும் ஜெல்லில் பொதுவாக 10 மைக்ரோலிட்டர் சீரத்தை அப்ளிகேட்டர் சீப்பில் விட்டு, ஈரப்பெட்டியில் 5 நிமிடம் ஊறவிட்டு, ஜெல்லில் வைப்பார்கள். ஓடி முடிந்ததும் உலர்த்தி, அமிடோ பிளாக் சாயம் ஏற்றி, மிச்சச் சாயத்தைக் கழுவி ஸ்கேன் செய்வது. சாம்பிளை அதிகமாக வைத்தால் ஆல்புமின் பேண்டில் சாயம் நிறைந்து, புரதத்துக்கு ஏற்ப ஏறாது. ஆல்புமின் சதவீதம் குறைந்து, மற்றவை கூடியதாகத் தெரியும். ஜெல் சூடேறினால் பேண்ட்கள் வளைந்து ஈஷிக்கொள்ளும். வோல்டேஜைக் கூட்டி நேரம் மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்களுக்கு இது அடிக்கடி கிடைக்கும்.

சிவப்பணு உடைந்து சிவந்த சீரத்தில் ஹீமோகுளோபின், ஹாப்டோகுளோபின் என்ற புரதத்தோடு சேர்ந்து ஆல்ஃபா-2க்கும் பீட்டாவுக்கும் இடையே தலைகாட்டும். பழைய சாம்பிளில் சி3 என்ற நோயெதிர்ப்புப் புரதம் சிதைந்து பீட்டா-2 மங்கும். வைத்த இடத்திலேயே கோடு நகராமல் நின்றால் கிரையோகுளோபுலினை (குளிரில் திரண்டுவிடும் ஆன்டிபாடி) நினையுங்கள். எடுத்த ரத்தத்தை 37 டிகிரியில் வைத்தே உறையவிட்டுப் பிரித்திருக்க வேண்டும்.

ஜெல் இல்லாமல் மெல்லிய குழாயில் ஓட்டும் கேபிலரி மெஷினில் வேறு தொல்லை. அங்கே சாயமே இல்லை. புற ஊதாக் கதிரை எது உறிஞ்சினாலும் கிராஃபில் முகடாகிவிடும். சி.டி. ஸ்கேனுக்குப் போட்ட அயோடின் கான்ட்ராஸ்டும் அப்படித்தான். அதே சீரத்தை ஜெல்லில் ஓட்டினால் ஒன்றும் இருக்காது, ஏனென்றால் அமிடோ பிளாக் பிடிப்பது புரதத்தை மட்டும்.

மொத்தப் புரதம் 9.2 கிராம்/டெசிலிட்டர், எம் பேண்ட் 22.5 சதவீதம் என்றால் அளவு 2.07 கிராம். மொத்தப் புரதம் அளக்கும் பையூரெட் சோதனையில் பிழை விழுந்தால் அப்படியே இங்கும் விழும். கோடு எந்த வகை ஆன்டிபாடி என்று காட்டும் இமியூனோஃபிக்சேஷன் சோதனை இல்லாமல் 'மோனோகுளோனல்' (ஒரே செல் வழி வந்தது) என்று உறுதியாக எழுதாதீர்கள். அதிலும் பேண்டின் நடு வெளுத்து ஓரம் மட்டும் கறுத்திருந்தால் ஆன்டிஜன், அதாவது நோயாளியின் அந்தப் புரதம், அதிகம். சீரத்தை இன்னும் நீர்க்கச் செய்து திரும்ப ஓட்ட வேண்டும்.

ரொம்பவும் ஏமாற்றுவது மருந்து. மைலோமாவுக்கு 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாராட்டுமுமாப், தானே ஒரு ஐ.ஜி.ஜி. கப்பா ஆன்டிபாடி. கிலோவுக்கு 16 மில்லிகிராம் ஏற்றும்போது காமாவில் மெல்லிய கோடாக விழும். பல வாரம் ரத்தத்தில் தங்கும். சிகிச்சைக்கு முழுப் பலன் என்று சொல்ல இமியூனோஃபிக்சேஷன் நெகட்டிவ் ஆக வேண்டும். மருந்தின் கோடே அதைக் கெடுத்துவிடும். இதற்கென்றே ஒரு ஷிஃப்ட் கிட் வந்தது: மருந்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியைச் சேர்த்தால் மருந்துக் கோடு மட்டும் ஆல்ஃபா பக்கம் நகரும், நோயின் கோடு இருந்த இடத்திலேயே நிற்கும். ஆனால் ரெக்வெஸ்ட் ஃபாரத்தில் மருந்தின் பெயரும் கடைசி டோஸ் தேதியும் இல்லாவிட்டால் அந்தக் கிட்டை எடுக்க வேண்டும் என்றே லேபில் யாருக்கும் தோன்றாது.