"எது நல்ல மருந்து சிஸ்டர்?"

மகளிர் நோய் டாக்டரின் ஓ.பி.யில் நர்ஸாக இருக்கிறேன். ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடிப் பக்கமிருந்து பெண்கள் வருகிறார்கள். டாக்டர் மருந்து எழுதுவார். அதைச் சாப்பிட்டால் என்னென்ன ஆகும் என்று உட்காரவைத்துச் சொல்வது என் பொறுப்பு. எண்டோமெட்ரியோசிஸ் வலியோடு வருகிறவர்கள் அனைவரும் கேட்பது தலைப்பில் உள்ள கேள்விதான்.

கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே, சினைப்பையிலும் இடுப்புக்குழியிலும் படிந்து வளர்வதுதான் இந்த நோய். ஈஸ்ட்ரோஜன் அதை வளர்க்கும். ஹார்மோன் மருந்துகள் அடக்கிவைக்கும். மருந்தை நிறுத்தினால் வலி திரும்பலாம்.

வலி குறைவதை மட்டும் பார்த்தால் மருந்துகளுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. தினம் 2 மில்லிகிராம் டயனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரையையும், ஈஸ்ட்ரோஜன் சுரப்பை அடக்கும் லூப்ரோலைடு ஊசியையும் 24 வாரம் ஒப்பிட்ட ஆய்வு 2010இல் வந்தது. மாத்திரை ஊசிக்குக் குறைந்ததாக இல்லை. 2024இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், ஆபரேஷன் முடிந்த பெண்களில் ஒரு பாதிக்குக் கருத்தடை மாத்திரை, மறுபாதிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி அல்லது கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயில். மூன்று வருடம் கழித்து இரு பக்கமும் வலி ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்திருந்தது. ஊசி, காயில் பக்கம் மறு ஆபரேஷனும் வேறு மருந்தும் குறைவாகத் தேவைப்பட்டன. 40 சதவீதம் என்றால் மிச்ச வலி இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவேன்.

ஆகவே வந்திருக்கும் பெண்ணின் வாழ்க்கையைக் கேட்காமல் மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். முதலில் கேட்பது ரத்தக்கசிவு பற்றி. டயனோஜெஸ்ட் தொடங்கிய முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாகப் படும். மூன்று மாத ஊசியிலும் அப்படித்தான். கடல்பாசி எடுக்கத் தீவுக்குப் போகிற அக்காவுக்கு விடிந்ததிலிருந்து உடம்பு கடல் தண்ணீரில். துணி மாற்ற மறைவிடம் கிடையாது. கீழக்கரை லாத்தாமாருக்கோ ஒவ்வொரு சொட்டும் தொழுகைக் கவலை, ரமலானில் நோன்புக் கவலை. முன்கூட்டியே சொல்லி, சந்தேகத்தை மார்க்கம் படித்த ஆலிமாவிடம் கேட்கச் சொன்னால் மருந்தைத் தொடர்கிறார்கள். சொல்லாமல் அனுப்பினால் மாத்திரை அட்டை பாதியில் நின்றுவிடும். பிறகு தீட்டே வராமல் போனால், "கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடுமே" என்று பயம். சவ்வு மெலிந்துவிட்டது, வெளியேற ஒன்றும் இல்லை என்று படம் வரைந்து காட்டுவேன்.

லூப்ரோலைடு போட்ட முதல் இரண்டு வாரம் வலி கூடலாம். பிறகு உடம்பு கொதிக்கும், எலும்பும் தேயும். எலும்பைக் காக்கும் துணை ஹார்மோன் இல்லாமல் ஆறு மாதம் தாண்டக் கூடாது. கருத்தடை மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். ஆனால் கண்ணில் மின்னல் வெட்டி வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவருக்கும் ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவருக்கும் ஆகாது.

கல்யாணமாகிக் குழந்தைக்குக் காத்திருப்பவருக்கு இந்த மருந்து எதுவும் கர்ப்பத்துக்கு உதவாது. மூன்று மாத ஊசியை நிறுத்திய பிறகும் கரு தங்க மாதக்கணக்கில் தாமதமாகலாம். மாமியாரும் கூட வந்திருந்தால் அவர் காதிலும் விழும்படியே இதைச் சொல்கிறேன்.

கல்யாணமாகாத பிள்ளைக்குக் கருத்தடை மாத்திரை என்றதும் அம்மா முகம் மாறும். பின்னால் பிள்ளை பிறப்பதை இது கெடுக்காது, இங்கே இது வலிக்கான மருந்து என்று விளக்கிவிட்டு, அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசக் கொஞ்ச நேரம் கேட்டு வாங்குவேன். மலம் கழிக்கும்போது வலிக்கிறதா என்ற கேள்விக்கு அம்மா முன்னால் பதில் வராது. ஆமாம் என்றால் உடனே டாக்டரிடம் சொல்லிவிடுவேன்; குடல் பக்கம் நோய் ஆழமாக இறங்கியிருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுக்க மதுரைக்கு எழுதுவார்.